டான்ஜெரின் ட்ரீம்: சுருதி இறங்குவது தட்டிலா, என் பெட்டியிலா? எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பள்ளத்தூர்ச் செவியன் கேட்கிறார்:

அன்பர்களுக்கு வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை மாதம் ஒருமுறையாவது சுற்றி வருவது என் வழக்கம். சென்ற மாதம் அப்படிப் போனபோது, எனாமல் தூக்குகளுக்கும் மங்குச் சாமான்களுக்கும் பின்னால் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்த இசைத்தட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். முருகன் பாடல்களும் ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களுமாக இருந்த அந்தக் கட்டின் அடியில் ‘டான்ஜெரின் ட்ரீம்’ என்னும் ஜெர்மானியக் குழுவின் தட்டுகள் இரண்டு கிடந்தன. ஒன்று 1974-இல் வந்த ‘ஃபீட்ரா’. மற்றது 1981-இல் வந்த ‘தீஃப்’ என்னும் அமெரிக்கப் படத்தின் இசை. பினாங்கிலிருந்து திரும்பிய ஒரு வீட்டாரின் சாமான்களோடு வந்தவை என்று கடைக்காரர் சொன்னார். இரண்டையும் சேர்த்து 600 ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

வீட்டுக்கு வந்து, வளவு என்னும் நடுமுற்றத்தில் ஒலிபெருக்கிகளை வைத்து ஃபீட்ராவின் முதல் பக்கத்தை ஓடவிட்டேன். பக்கம் முழுவதும் ஒரே ஆக்கம்தான். 17 நிமிடத்துக்கு மேல் போகிறது. பாட்டு இல்லை, தாளக் கருவி இல்லை. அடியில் ஓர் இயந்திரத் துடிப்பு தொடங்கி நெடுநேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாங்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி, “யார் வீட்டு மோட்டார் இப்படி ஓடுது? தொட்டி நிரம்பி வழியப் போகுது” என்றார்கள். அவர்கள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தொட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

என் ஐயங்கள் இவைதான். ஃபீட்ராவில் அந்தத் துடிப்பின் சுருதி போகப் போக இடம் பெயர்வதுபோல் கேட்கிறது. என் இசைத்தட்டுப் பெட்டி இருபது ஆண்டுப் பழசு. பெல்ட் தளர்ந்துவிட்டதா, அல்லது பதிவே அப்படியா? அடுத்து, தீஃப் தட்டைப் போட்டால் கறாரான தாளம், முறுக்கான கிட்டார் என்று வேறு யாரோ வாசித்ததுபோல இருக்கிறது. ஏழே ஆண்டுகளில் ஒரு குழு இவ்வளவு மாறுமா? கடைசியாக, நூற்றுக்கு மேற்பட்ட ஆல்பங்கள் வெளியிட்ட இந்தக் குழுவை என் போன்ற புதியவர் எந்த இடத்தில் தொடங்கிக் கேட்க வேண்டும்?

தேவகோட்டை ரேடியோக்காரர் எழுதுகிறார்:

தம்பி, பெல்ட்டை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தட்டின் நடுவிலுள்ள தாள் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, அது ஊசிக்கரத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டு வாருங்கள். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் என்னும் கணக்கில், சரியாக 3 நிமிடத்தில் 100 சுற்று வர வேண்டும். இதற்குக் கைக்கடிகாரமே போதும்.

ஆனால் உங்கள் ஐயத்துக்கு விடை அந்த எண்ணிக்கையில் இருக்காது என்றே நினைக்கிறேன். பெட்டியின் வேகம் குறைந்தால் தட்டில் உள்ள அத்தனை ஒலியும் ஒன்றாகக் கீழே இறங்கும். தாளமும் உடன் மந்தமாகும். ஃபீட்ராவில் நடப்பது அதுவன்று. அடியில் ஓடும் துடிப்பு மட்டும் இடம் பெயர, மேலே விரியும் தந்தி ஒலிகள் தம் இடத்திலேயே நிற்கின்றன. ஆகவே பெயர்ச்சி பதிவிலேயே இருக்கிறது. இதைக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள்.

1973-இன் கடைசியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுஷயரில், வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான ‘த மேனர்’ என்னும் பழைய மாளிகை ஒலிப்பதிவுக்கூடத்தில் எட்கர் ஃப்ரோசே, கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கே, பீட்டர் பாமான் ஆகிய மூவரும் அதைப் பதிவு செய்தார்கள். ஃப்ராங்கேயின் கையில் இருந்தது அலமாரி அளவுள்ள மூக் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. அதில் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர்கள் மின்னழுத்தத்துக்கு ஏற்பச் சுருதி ஏறி இறங்குபவை: ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஓர் அரைச் சுரத்துக்கு 83 மில்லிவோல்ட்தான் வருகிறது; இரண்டு மூன்று மில்லிவோல்ட் பிசகினாலே நல்ல காதுக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களோ சூடேறச் சூடேறக் குணம் மாறுபவை. நாற்பது ஆண்டுகளாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் காலையில் சரிசெய்து வைத்த பெட்டி மாலையில் வேறொன்றாக இருக்கும். மேனரிலும் கருவி சூடேறியபோது சில ஆசிலேட்டர்கள் சுருதி நழுவின. ஓடிக்கொண்டிருந்த நாடாவில் அது அப்படியே பதிந்தது. கேட்டுப் பார்த்தவர்கள் அதை நீக்காமல் விட்டுவிட்டார்கள்.

அந்தத் துடிப்பை உண்டாக்குவது சீக்வென்ஸர் என்னும் பகுதி. வரிசையாக எட்டுக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் ஒரு சுரத்துக்கான மின்னழுத்தம். கடிகாரத் துடிப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி, எட்டாவது முடிந்ததும் முதலாவதற்கே திரும்பும். அதற்கு நினைவகம் கிடையாது. நேற்று வைத்ததை இன்று திரும்ப அழைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டு குமிழ் குமிழாக வைத்தாக வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ராங்கே ஏதேனும் ஒரு குமிழைச் சிறிது திருப்புவார். எட்டில் ஒரு சுரம் மட்டும் மாற, கேட்பவருக்கு மொத்த நடையும் புரண்டு படுத்ததுபோல் தோன்றும். உங்கள் ஆச்சி சொன்ன மோட்டாருக்குள் ஒரு மனிதரின் கை இருக்கிறது தம்பி. அந்தக் கையைத் தேடிக் கேளுங்கள். பிறகு 17 நிமிடம் நீளமாகத் தெரியாது.

அடுத்து எதைக் கேட்பது என்றால், 1975-இல் வந்த ‘ரூபிகான்’. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே ஆக்கங்கள். ஃபீட்ராவில் தற்செயலாகக் கிடைத்தவற்றை இதில் தெரிந்தே கையாள்கிறார்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஃபீட்ரா 15-ஆம் இடத்தையும் இது 10-ஆம் இடத்தையும் தொட்டன. பாட்டே இல்லாத தட்டுகள் அவ்வளவு உயரம் போனதை இப்போதும் வியப்பாகத்தான் பார்க்கிறேன்.

வீணை மாணவி எழுதுகிறார்:

ரேடியோக்கார ஐயா சொன்ன சூடும் சுருதியும் எங்களுக்கும் பழக்கமானவை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. வெயிலில் வண்டிக்குள் வீணையை வைத்துவிட்டுக் கல்யாண வீட்டு முகப்பில் எடுத்து மீட்டினால், மெழுகு இளகி மெட்டு சாய்ந்திருக்கும். காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. காரைக்குடி சகோதரர்கள் வீணைக்குப் பேர் வாங்கித் தந்த மண்ணில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு என்னவென்றால், எங்களுக்கு அது நிறுத்திச் சரிசெய்ய வேண்டிய குறை. அவர்கள் அதை ஆக்கத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டார்கள். இதில் அவர்கள் பக்கம் முழுவதும் சாய என்னால் இயலவில்லை. சுருதி நழுவுவதைக் கேட்கும்போது இன்றும் என் கை தன்னையறியாமல் சுருதி கூட்டும் பிரடையைத் தேடுகிறது.

ஆனால் தொடங்கும் இடத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. சீக்வென்ஸர் வந்தபின்தான் இக்குழு பிறந்தது என்பதுபோல் எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன் 1972-இல் வந்த ‘ட்சைட்’ என்னும் இரட்டைத் தட்டைக் கேளுங்கள். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்குக் ‘காலம்’ என்று பொருள். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு ஆக்கங்கள், எழுபது நிமிடத்துக்கு மேல், துடிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் போகின்றன. முதல் ஆக்கம் நான்கு செல்லோக்களின் இழைப்பில் தொடங்குகிறது. பிறகு ‘போபோல் வூ’ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே வாசித்த மூக் அதன்மேல் வந்து படிகிறது. நான்கு செல்லோக்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஏறும் இடத்தில், கோயில் திருவிழாவில் நாகசுரம் நின்ற பிறகும் சுருதிக் குழலான ஒத்து மட்டும் நீளுமே, அந்த நேரம் எனக்கு நினைவு வரும். பெரும்பாலோர் காது கொடுக்காத ஒத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுபது நிமிடத்துக்கு இழுத்ததுபோல் இருக்கிறது. இவ்வகை இசைக்கு ‘ஆம்பியன்ட்’ என்னும் பெயரைப் பிரையன் ஈனோ 1978-இல் தம் தட்டின் மேல் போடுவதற்கு ஆறு ஆண்டு முன்பே இது வந்துவிட்டது.

உங்களிடம் உள்ள ஃபீட்ராவைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் ஆக்கத்தையும் கேளுங்கள். அது ஃப்ரோசேயின் மெல்லோட்ரான் வாசிப்பு. அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மெய்யான வயலின்களையோ புல்லாங்குழலையோ பதித்த ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும்; எட்டு வினாடி அளவில் தீர்ந்துவிடும்; விட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்க அதில் வழியில்லை. அப்படியும் மூச்சு விடாத ஓட்டமாகக் கேட்கிறதென்றால், விரல் மாற்றுவதில் எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. வளவில் இந்த இசையைக் கேட்பது கடினம். முட்டை வெள்ளைக்கருக் கலந்து கண்ணாடிபோல் பூசிய சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பித்தான் அனுப்பும். சீக்வென்ஸரின் கீழ்ச்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடும். கோரைப்பாய் நான்கை விரித்து, எதிர்ச்சுவரில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கோட்டையூரான் எழுதுகிறார்:

இங்கே எழுபதுகளோடு கதை முடிந்ததுபோல் பேச்சு போகிறது. தீஃப் தட்டைப் பற்றிக் கேட்ட பள்ளத்தூர் அண்ணனுக்கு யாரும் விடை சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

இக்குழு 1967-இல் மேற்கு பெர்லினில் ராக் குழுவாகத்தான் தொடங்கியது. ஃப்ரோசே ஓவியமும் சிற்பமும் பயின்றவர்; முதலில் கையில் எடுத்தது கிட்டார். அக்காலத்தில், தம் முந்தைய குழுவோடு ஸ்பெயினின் கடாகேஸில் ஓவியர் சால்வதோர் தாலியின் வீட்டிலேயே போய் வாசித்தார். 1970-இல் வந்த முதல் தட்டில் உடன் இருந்தவர்கள் கிளவுஸ் ஷுல்ட்ஸேயும் கான்ராட் ஷ்னிட்ஸ்லரும். இருவரும் விரைவில் பிரிந்து தனித்தனியே பெரிய பெயர் பெற்றார்கள். 1973-இல் வந்த ‘ஆட்டெம்’ என்னும் தட்டை பிபிசி வானொலியின் ஜான் பீல் அவ்வாண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தார். வர்ஜின் நிறுவனத்தின் கதவு திறந்தது அதை ஒட்டித்தான். 1974 டிசம்பரில் பிரான்சின் ரேம்ஸ் பேராலயத்தில் வாசித்தபோது, கொள்ளளவுக்கு மேல் ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டு, ஆலயத்தின் நிலையைக் கண்டு பெரிய கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தின் கவன்ட்ரி, யார்க் பேராலயங்களில் வாசித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருப்பம் 1977-இல் வந்தது. இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் தம் ‘சார்சரர்’ படத்துக்கு இவர்களை அழைத்தார். படத்தின் ஓர் அடியைக்கூடப் பார்க்காமல், திரைக்கதையைப் படித்துவிட்டு இசையை அனுப்பினார்கள். அதைக் கொண்டு அவர் படத்தைத் தொகுத்தார். படம் ஓடவில்லை, இசை நின்றது. அதே ஆண்டில் பாமான் விலகினார். 1978-இல் பாட்டும் டிரம்ஸும் சேர்த்து ‘சைக்ளோன்’ செய்து பார்த்தார்கள். அதைப் பற்றி நான் நல்லது ஒன்றும் சொல்வதற்கில்லை, கடந்து போவோம்.

1980-இல் யோஹானஸ் ஷ்மோலிங் சேர்ந்ததும் குழுவுக்கு மறுபடி மூன்று கால் கிடைத்தது. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று கிழக்கு பெர்லினின் குடியரசு மாளிகையில் வாசித்தார்கள். பெர்லின் மதிலுக்கு மேற்கே இருந்த ஒரு குழுவைக் கிழக்கு ஜெர்மன் அரசு உள்ளே அழைத்தது அன்று சாதாரணச் செய்தியன்று. ஷ்மோலிங் முறையாகப் பயின்ற பியானோக் கலைஞர். கருவிகளும் மாறிவிட்டன, எண்ணிம சீக்வென்ஸர்கள் வந்தபின், வைத்த இடத்தில் சுரம் நின்றது, நேற்றைய அமைப்பு இன்றைக்கும் கிடைத்தது. பதினேழு நிமிடம் தேடிக் கண்டடைய வேண்டியதை நான்கு நிமிடத்தில் எழுதிவைக்க முடிந்தது. திரைப்படக்காரர்களுக்கு வேண்டியதும் அதுதான். மைக்கேல் மன் இயக்கிய தீஃப் அப்படி வந்தது. பெட்டகத்தைத் துளையிடும் காட்சியில் அந்தத் துடிப்பு தீப்பொறியோடு எப்படிச் சேருகிறது என்று பாருங்கள். படத்தோடு பார்க்காமல் தட்டை மட்டும் கேட்டால் முறுக்காகத்தான் தெரியும். 1983-இல் ‘ரிஸ்கி பிசினஸ்’ படத்தின் ரயில் காட்சிக்கு அவர்கள் தந்த சிறு துண்டு, ஃபீட்ராவின் அதே எட்டுச் சுர எண்ணத்தைக் கைக்குட்டை அளவுக்கு மடித்தது. 2016-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் இசையைக் கேட்டவர்கள், தெரிந்தோ தெரியாமலோ எண்பதுகளின் டான்ஜெரின் ட்ரீமைக் கேட்டவர்களே.

ஆகவே அண்ணன் அவர்களே, ஏழு ஆண்டில் ஒரு குழு அவ்வளவு மாறுமா என்றால், மூவரில் ஒருவர் மாறினார், கருவிகள் மாறின, கேட்டு வாங்குபவரும் மாறினார். எஞ்சியது அந்தச் சுழலும் சுர வரிசை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஷ்மோலிங் 1985-இலும் ஃப்ராங்கே 1987-இலும் விலகிய பிறகு அது வெறும் அலங்காரமாகிப் போனது என்பது என் எண்ணம். தொண்ணூறுகளின் தட்டுகளை நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

தேவகோட்டை ரேடியோக்காரர் மறுமொழி:

கோட்டையூர்த் தம்பி சொன்ன வரலாற்றில் பிழையில்லை. ஆனால் சுரம் நழுவாமல் நின்றது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. கருவி முரண்டு பிடித்தபோதுதான் ஃப்ராங்கே விழித்திருந்தார். ‘ரிகோஷே’ என்னும் 1975-ஆம் ஆண்டுத் தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேட்டுவிட்டு மறுத்துப் பேசுங்கள்.

புதுவயல் வாசகர் எழுதுகிறார்:

ஒரு துணைக்கேள்வி. ஃப்ரோசே 2015 ஜனவரியில் வியன்னாவில் காலமானார். அதன் பின்னும் அதே பெயரில் தட்டுகள் வருகின்றனவே, அவற்றை டான்ஜெரின் ட்ரீம் என்று சொல்லலாமா?

கோட்டையூரான் மறுமொழி:

நம் ஊரில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பர்மாவில் கடை வைத்த கொள்ளுத் தாத்தாவின் பெயரெழுத்துகள்தான் விலாசம். அவர் போய், கடையும் போய், பங்காளிகள் நான்கு ஊரில் பிரிந்தாலும் அந்த விலாசத்தில்தான் மொய்யே எழுதுகிறோம். ஆனால் யார் எழுதலாம் என்பதில் வழக்கு வராமல் இருந்ததும் இல்லை. இங்கும் அப்படியே. 1990 முதல் பல ஆண்டுகள் குழுவில் வாசித்த மகன் ஜெரோம், தந்தையோடு குழுவும் முடிந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஃப்ரோசேயின் மனைவி பியாங்காவோ, அவர் விட்டுச்சென்ற வரைவுகளைக் கொண்டு குழு தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றார். 2005 முதல் உடன் இருந்த தோர்ஸ்டன் குவெஷ்னிங் தலைமையில், வயலின் கலைஞர் ஹோஷிகோ யமானேயும் இருக்க, 2017-இல் ‘குவான்டம் கேட்’, 2022-இல் ‘ராவும்’ ஆகியவை வந்தன. முதல் குழுவினர் ஒருவரும் இல்லை என்பது மெய். ஆனால் மேடையில் இன்றும் திட்டமிடாமல் நெடுநேரம் வாசிக்கும் பழக்கத்தை மீட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தட்டுகளைவிட இவை எனக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிகின்றன.

பள்ளத்தூர்ச் செவியன் மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. காகிதத் துண்டை ஒட்டி எண்ணினேன். 3 நிமிடத்தில் 98 சுற்றுதான் வந்தது. ஆகப் பெட்டியும் குற்றமற்றதன்று; நூற்றுக்கு இரண்டு பங்கு மெதுவாக ஓடி, எல்லாவற்றையும் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறக்கி எனக்குக் கேட்பித்திருக்கிறது. மதுரையிலிருந்து புது பெல்ட் வரவழைத்து மாட்டிய பிறகு 100 சரியாக வந்தது. பாய்களை விரித்து, கல்யாண ஜமுக்காளத்தைத் தூணுக்குத் தூண் கட்டி, மறுபடி முதல் பக்கத்தைப் போட்டேன். ஐயா சொன்னது சரி. மேலே தந்தி ஒலி நிற்க, அடியில் துடிப்பு மட்டும் தனியே நழுவுகிறது. வேகத்தைச் சரிசெய்ததால் அது இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வீணை மாணவி சகோதரி சொன்ன இரண்டாம் பக்கத்தையும் கேட்டேன். எட்டு வினாடிக்குள் விரல் மாறும் இடத்தைப் பிடிக்க முயன்று இரண்டு இடத்தில் பிடித்ததாக நினைக்கிறேன், உறுதியில்லை. ஆச்சி இம்முறை மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. ஜமுக்காளத்தில் ஆணி அடித்தேனா என்று மட்டும் கேட்டார்கள். ரூபிகானும் ட்சைட்டும் தட்டாகக் கிடைக்கும்வரை கைப்பேசியில் கேட்கலாம் என்றிருக்கிறேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் அதே வீட்டுச் சாமான்கள் இன்னும் இரண்டு பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கின்றனவாம், வெள்ளிக்கிழமை போகிறேன்.